ஆசிரமத்தில் தங்கச் செல்வோர்க்கு: புதுவையும் வடலூரும்

ஆசிரமம் என்றதும் உடல் அசதி தீர ஓய்வெடுக்கும் இடம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அச்சொல்லின் வேரான ‘சிரமம்’ வடமொழியில் உழைப்பையும் தவமுயற்சியையும் குறிப்பது. பிரமசரியம் முதல் சந்நியாசம் வரையிலான வாழ்க்கை நிலைகள் நான்கிற்கும் ஆசிரமம் என்றே பெயர். சாதகர்கள் நியமத்தோடு முயலும் இடத்திற்கு விருந்தினராகச் செல்கிறோம் என்பதை மனத்தில் கொண்டே ஏற்பாடுகளைத் தொடங்க வேண்டும்.

புதுவை ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் தங்க விரும்புவோர் முதலில் நாளைத் தேர்ந்து கொள்ளட்டும். ஸ்ரீ அரவிந்தரின் ஆன்மிகத் துணைவராக ஆசிரமத்தை நடத்திய அன்னையின் பிறந்த நாளான பிப்ரவரி 21, அவர் 1920இல் நிலையாகத் தங்க வந்த ஏப்ரல் 24, ஸ்ரீ அரவிந்தரின் பிறந்த நாளான ஆகஸ்ட் 15, 1926இல் ஆசிரமம் உருவான நவம்பர் 24 ஆகியவை தரிசன நாட்கள். ஸ்ரீ அரவிந்தர் வாழ்ந்த அறையைக் காணும் வாய்ப்பு அன்று கிடைக்கும் என்பதால் வெளிமாநில அன்பர்கள் திரளாக வருவார்கள், அறை கிடைப்பது அரிது. அமைதியை நாடிச் செல்பவர் இந்நாட்களைத் தவிர்த்துவிடுவதே மேல் என்பது என் கருத்து.

ஆசிரமத்திற்கெனத் தனி விருந்தினர் விடுதிகள் உண்டு. கடற்கரையை ஒட்டிய பார்க் கெஸ்ட் ஹவுஸ் அவற்றுள் ஒன்று. முன்பதிவு செய்துகொண்டு, அடையாள அட்டையோடு செல்ல வேண்டும். மதுவுக்கும் புகைக்கும் அங்கே இடமில்லை. இரவில் குறித்த நேரத்தில் வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள். உணவுக்கூடத்தில் சாப்பிட வேண்டுமானால் அதற்குரிய அனுமதிச் சீட்டை விடுதியிலேயே கேட்டுப் பெறலாம். காரமில்லாத எளிய சைவ உணவுதான். ஊறுகாயைத் தேடும் நாக்குக்கு முதல் வேளை சற்றுக் கடினமாகவே இருக்கும்.

மரீன் வீதியிலுள்ள முதன்மைக் கட்டடத்தில் காலணிகளை வெளியே விட்டு, கைப்பேசியை அணைத்துவிட்டு நுழைய வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கைக்குழந்தையோடு செல்லும் குடும்பத்தார் முறைவைத்துக்கொண்டு போய்வரலாம். முற்றத்து மரநிழலில், நாள்தோறும் புதிய மலர்களால் அணிசெய்யப்படும் ஸ்ரீ அரவிந்தர், அன்னை இருவரின் வெண்சலவைக்கல் சமாதியின் விளிம்பில் நெற்றியை வைத்துச் சிலர் நெடுநேரம் அசையாமல் இருப்பார்கள். பின்னால் நிற்பவர் பொறுத்திருப்பதே அங்குள்ள வழக்கம். அர்ச்சனையோ தீபாராதனையோ இல்லாததால், முதன்முறை வருபவர் என்ன செய்வதென்று தெரியாமல் விரைவில் எழுந்துவிடுகிறார். ஓரமாக அமர்ந்து அரைமணி நேரமாவது பேசாதிருக்கப் பழகினால் போதும். படிக்க ஒரு நூலைக் கையோடு கொண்டுசெல்வது பிற்பகல்களுக்கு உதவும்.

ஆரோவில் வேறு, ஆசிரமம் வேறு. 1968இல் தொடங்கப்பட்ட அந்நகரின் தியான மண்டபமான மாத்ரி மந்திரின் உட்கூடத்திற்குச் செல்ல, தனியே முன்பதிவு வேண்டும்.

ஆங்கிலமும் வங்காளமும் கலந்த புதுவைச் சூழலைவிடத் தமிழிலேயே தோய விரும்புவோர்க்குக் கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குறிஞ்சிப்பாடியை அடுத்து வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867இல் நிறுவிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி மத வேறுபாடின்றி எவரும் பந்தியில் அமர்ந்து உண்ணலாம். காய் நறுக்கவும் பரிமாறவும் உதவ விரும்புவோர் அங்குள்ளவர்களிடம் கேட்டுச் செய்யலாம். ஆசிரமம் என்ற சொல்லின் வேர்ப்பொருளான உழைப்புக்கு இதைவிட நேரான பயிற்சி வேறில்லை. வள்ளலார் அமைத்த வழிபாட்டு இடமான சத்திய ஞானசபைக்குள் கொலை, புலை (புலால் உண்ணுதல்) தவிர்த்தோரே புகலாம் என்பது விதி. ஆகவே மீன் இல்லாமல் சோறு இறங்காத நம் கடலோர வீட்டார் சில நாட்கள் முன்பே அதை நிறுத்திப் பழகுவது நல்லது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் நீக்கிச் சோதி தரிசனம் காட்டப்படும்போது ஊரே கொள்ளாத கூட்டம் கூடும். தியானத்திற்காகவே செல்பவர் மாதப்பூசத்தையோ சாதாரண நாளையோ தேர்ந்துகொண்டு, வள்ளலார் இறுதியாகத் தங்கிய, அருகிலுள்ள மேட்டுக்குப்பம் சித்திவளாகத்திற்கும் ஒரு பொழுதை ஒதுக்கி வைக்கலாம்.