பழைய டச்சுப் படத்தைத் தரையிலிருந்து பாருங்கள்

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்துப் புனித பாவோ தேவாலயத்தைக் காட்டும் பழைய செப்புத்தகட்டு அச்சுப்படம் (தகட்டில் கோடு கீறி, மை தடவி, தாளில் அச்சிட்ட படம்) கண்ணில் பட்டால், உடனே கோபுரத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் தரையைப் பாருங்கள். நடமாடும் மனிதர்கள், நாய்கள், தேவாலயச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னச் சின்னக் கடைகள். அந்த மாதிரிக் கடைகள் இன்றும் அங்கே இருக்கின்றன! அதே சதுக்கத்தில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய இறைச்சிக் கூடமும் நிற்கிறது. கும்பிடும் இடமும் கறி விற்கும் இடமும் அத்தனை அருகில்.

அடுத்து, ஒரு பூதக்கண்ணாடி எடுங்கள். நிழல்கூட வெறும் கோடுகள்தான். தகட்டில் உளியால் செதுக்கிய கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, ஊசிமுனையாக முடியும். தகட்டை அமிலம் அரித்து உண்டாக்கிய கோடு பெரும்பாலும் ஒரே தடிமனில் ஓடி மொட்டையாக நிற்கும். ஒரே படத்தில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு நேரம் போவதே தெரியாது.

தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும். அதனால் படம் திரும்பியிருக்கிறதா என்று கட்டடத்தின் இன்றைய புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். அசல் கையில் இல்லையா? ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இத்தகைய படங்களை இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம்.