கனிம மாநிலத்தில் சுற்றுச்சூழல் சட்ட ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் என ஒரு கனிம மாநிலத்தை எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பலர், ‘அனுமதி’ என்ற சொல்லிலேயே சறுக்குகிறார்கள். சுற்றுச்சூழல் அனுமதி 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி தரப்படுவது. வன அனுமதி 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி. கோப்பும் வேறு, நிபந்தனையும் வேறு. இரண்டையும் குழப்பினால், யார் எதை மீறினார்கள் என்றே எழுத முடியாது. நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் ஒன்றாகப் பேசுவதும் இதே வகைதான். முதலாவதை ஏலம் விடுவது மத்திய அரசு, இரண்டாவதை மாநில அரசு.

இவற்றைவிடப் பெரிய தவறு, தீர்ப்போடு நின்றுவிடுவது. ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் தோண்டுவது பற்றிய வழக்கை மேற்கோள் காட்டாத ஆய்வேடு அரிது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், பாக்சைட் சுரங்கம் தங்கள் உரிமைகளைப் பாதிக்குமா என்று கிராம சபைகள் பரிசீலிக்கட்டும் என்றது. அத்தோடு அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனால் சட்டம் உயிர் பெற்றது அதன் பிறகுதான். மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 கிராமங்களை மட்டும். அது போதாது என்று மத்திய பழங்குடியினர் அமைச்சகமே ஆட்சேபித்தது. கடைசியில் அந்தப் பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. கிராமங்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாருடையது? என்னைக் கேட்டால், ஒரு முழு ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

மொழியையும் மறக்காதீர்கள். நியமகிரியில் வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் பேசுவது குவி மொழி; மாநில ஆட்சிமொழி ஒடியா; ஆய்வேடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். மலையில் ஒருவர் தன் தெய்வத்தைப் பற்றிச் சொன்னது, இத்தனை மொழி தாண்டி வருவதற்குள் வெறும் ‘மத உரிமை’யாகச் சுருங்கிவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதும் ஆய்வு முறையில் சேர்ந்ததுதான்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைகளை மட்டும் தொகுத்துவிட்டு, பழங்குடியினர் உரிமை வழக்குகள் குறைவு என்று முடிவுகட்டுவதும் பிழை. பழங்குடியினரின் வன உரிமைகளை அங்கீகரிக்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தின் அதிகாரப் பட்டியலிலேயே இல்லை. அந்த வழக்குகளை உயர் நீதிமன்றங்களில் தேட வேண்டும்.

அனுமதியில் விதித்த நிபந்தனைகள் நடைமுறையில் உள்ளனவா என்பதை அறிய, சுரங்கங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் இணக்க அறிக்கைகளைப் படியுங்கள். கிடைக்காதவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் ஆண்டிலேயே மனுப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் என்கிறது சட்டம். மறுத்தால் மேல்முறையீடு, அதன்பின் தகவல் ஆணையம். மூன்றாம் ஆண்டில் தொடங்கினால், ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகுதான் ஆவணம் கைக்கு வரும்.