தலைமையாசிரியர் ஆகும் எண்ணமா? தேர்வை முதலில் முடியுங்கள்

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களுக்கு: உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக 12 ஆண்டுப் பட்டதாரிப் பணி மட்டும் போதாது. கேரளப் பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் துறைத் தேர்வுகளில் கேரளக் கல்வி விதிகள் தாளும் கீழ்நிலைக் கணக்குத் தேர்வும் (Account Test Lower) தேறியிருக்க வேண்டும். முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், தேறிய இளையவர் முந்திவிடுவார்.

தேர்வைவிடப் பெரிய சிக்கல் அலுவலக மலையாளம். பேச்சு மலையாளம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. சுற்றறிக்கையின் மலையாளம் வேறு. வாரம் ஒன்றிரண்டு சுற்றறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மதிய உணவுப் பதிவேட்டையும் ஒரு பருவம் எழுதிப் பாருங்கள். அரிசி இருப்பு பொருந்தாத அன்றுதான் நிர்வாகம் என்றால் என்னவென்று தெரியும்.

ஜூனில் ‘சம்பூர்ணா’ என்ற கேரளப் பள்ளி நிர்வாக இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றுபவரின் அருகில் அமருங்கள். பள்ளி திறந்த ஆறாம் வேலைநாளின் மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் முடிவாகின்றன. எல்லையோரப் பிள்ளைகள் சிலர் கம்பத்திலோ பொள்ளாச்சியிலோ மாமா வீட்டில் தங்கிவிட்டு மெதுவாகத்தான் திரும்புவார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரமே பெற்றோரைத் தொலைபேசியில் பிடித்துவிடுங்கள்.