லண்டனில் பழைய டீசல் காருக்குப் பதில் செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார் வாங்குவது எப்படி?

லண்டனில் 2015 செப்டம்பருக்கு முன் பதிவான டீசல் கார் வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு, அதைத் தெருவில் இறக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட் செலவு. யூலெஸ் என்கிற இந்த மாசுக் கட்டணம் 2019 ஏப்ரலில் நகரின் நடுப்பகுதியில் ஆரம்பித்தது. 2021 அக்டோபரில் வடக்கு, தெற்கு சர்குலர் சாலைகள் வரை விரிந்தது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகளான பரோக்கள் எல்லாமே உள்ளே. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி எதுவும் தப்பவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட அரை மைல் ஓட்டினாலும் முழுக் கட்டணம்தான். விலக்கு கிறிஸ்துமஸ் நாளுக்கு மட்டும். கட்ட மறந்தால் அபராதம் 180 பவுண்ட். 14 நாளுக்குள் கட்டினால் பாதி.

இதற்குப் பயந்து பலர் கடன் வாங்கிப் புதுக் கார் எடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. டீசல் கார் என்றால் புகை அளவுக்கான யூரோ 6 தரம் வேண்டும். அது பெரும்பாலும் 2015 செப்டம்பருக்குப் பிறகு பதிவான வண்டி. பெட்ரோலுக்கு யூரோ 4 போதும்; பொதுவாக 2006-லிருந்து வந்த வண்டிகள் எல்லாம் தேறிவிடும். அதாவது 2014 டீசல் மாட்டும் இடத்தில் 2008 பெட்ரோல் கார் காசு கட்டாமல் போகும். நல்ல நிலையில் உள்ள பழைய பெட்ரோல் கார் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

1. முதலில் கணக்கு

லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லின் இணையதளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். யூரோ 6 என்று வந்துவிட்டால், வாரம்தோறும் மோட்டார்வேயில் நீண்ட தூரம் ஓடுகிறவர் அந்த டீசலையே வைத்துக்கொள்ளலாம். தேறாத வண்டிதான், ஆனால் மாதம் இரண்டு நாள்தான் எடுக்கிறீர்கள் என்றால் ஆண்டுக்கு 300 பவுண்ட். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க நாலாயிரம் பவுண்டுக்குக் கார் வாங்குவதில் அர்த்தம் இல்லை. தினமும் வேலைக்கு எடுத்துப் போகிறவர் கதை வேறு: 250 நாளுக்கு 3,125 பவுண்ட்.

பெட்ரோல் அதிகம் குடிக்குமே என்பார்கள். குடிக்கும். ஆண்டுக்கு 8,000 மைல் ஓட்டுகிறீர்கள், டீசல் ஒரு கேலனுக்கு 50 மைல் தந்தது, பெட்ரோல் 38 தருகிறது என்று வையுங்கள். கூடுதலாக 230 லிட்டர் வரும். லிட்டர் 1.40 பவுண்ட் என்றால் 322 பவுண்ட். யூலெஸ் கட்டணமாகப் பார்த்தால் 26 நாள் காசு, அவ்வளவுதான். பள்ளி, கடை, கோயில் என்று சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் டீசலில் புகைவடிகட்டி சூடேறாமல் அடைத்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு. அந்த ஓட்டத்துக்கு டீசல் ஆரம்பத்திலிருந்தே பொருத்தமில்லாத வண்டி.

2. எந்தக் கார்?

விளம்பரத்தைப் பார்த்து மனம் போவதற்கு முன் அந்த வண்டி எண்ணுக்கு இன்ஷூரன்ஸ் விலை கேளுங்கள். ஒரே விலையில் விற்கும் இரண்டு கார்களுக்கு இன்ஷூரன்ஸ் சில நூறு பவுண்ட் வித்தியாசப்படலாம்.

ரோடு டாக்ஸிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 1-க்கு முன் பதிவான கார்களுக்கு அது விடும் கரியமில வாயுவை வைத்து வரி. 2025 ஏப்ரல் கட்டணப்படி, கிலோமீட்டருக்கு 120 கிராமுக்குள் இருந்தால் 35 பவுண்டைத் தாண்டாது. 165 கிராமைத் தாண்டினால் 300 பவுண்டுக்கு மேல். 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவானவைக்குச் சின்னது பெரியது பார்க்காமல் அதே 2025 கட்டணப்படி ஆண்டுக்கு 195 பவுண்ட். எனவே 2017 பிப்ரவரியில் பதிவான சிறிய பெட்ரோல் கார் கிடைத்தால் அதே காரின் மே மாதப் பதிவைவிட லாபம். பழைய ஏழு சீட் பெட்ரோல் வண்டியைப் பார்ப்பவர்கள் வரியைத் தனியாகப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பதிவான காலத்தை நம்பர் பிளேட்டே சொல்லும். முதல் இரண்டு எழுத்துக்குப் பின் வரும் எண் 15 என்றால் 2015 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. 65 என்றால் 2015 செப்டம்பர் முதல் 2016 பிப்ரவரி வரை.

மாடல் விஷயத்தில் என் விருப்பம் பழைய பாணி எஞ்சின். ஹோண்டா சிவிக் 1.8, டொயோட்டா ஆரிஸ், மாஸ்டா 3, சின்னக் குடும்பம் என்றால் ஹோண்டா ஜாஸ். ஜாஸின் பின் சீட்டின் இருக்கைப் பகுதியை மேலே மடக்கிவிட்டால் உயரமான சாமான் நேராக நிற்கும். அரிசி மூட்டையும் குத்துவிளக்கும் ஏற்றுகிறவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. அப்பா அம்மாவும் வந்து தங்கும் வீடு என்றால் டொயோட்டா வெர்சோவின் பெட்ரோல் வகையில் ஏழு சீட் உண்டு.

கவனமாக இருக்க வேண்டியது, எண்ணெய்க்குள் ஓடும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்கள். ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட், பெஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 ப்யூர்டெக் இரண்டும் இந்த வகையில் பெயர் கெட்டவை. எஞ்சின் ஆயில் தவறான ரகமாகவோ மாற்றத் தாமதமாகவோ இருந்தால் பெல்ட் துகள் துகளாக உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் கிடைக்காத எஞ்சின் அதோடு சரி. ப்யூர்டெக் பிரச்சினை பெரிதாகி, தயாரிப்பாளர்களே 10 ஆண்டு, 1,75,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதத்தை நீட்டித்தார்கள். பெல்ட் மாற்றிய ரசீது இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் நான் தொடமாட்டேன்.

டொயோட்டா ஹைப்ரிட் நல்ல வண்டிதான். ஆனால் லண்டனில் விற்பனைக்கு வரும் ப்ரியஸ்களில் மினிகேப், அதாவது வாடகைக் காராக ஓடியவை ஏராளம். முன், பின் கண்ணாடியில் வாடகை உரிமத்தின் வட்ட ஸ்டிக்கரை உரித்த தடம் இருக்கிறதா, பின் சீட்டும் பின் கதவுக் கைப்பிடியும் அளவுக்கு மீறித் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் திருடுகிறவர்களுக்கும் இந்த வண்டிகள் மேல்தான் கண்.

3. எம்ஓடி வரலாறு

இந்த ஒரு படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். மாடு வாங்கப் போகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். காருக்கு அந்தப் பல் எம்ஓடி வரலாறு, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனையின் பதிவு. அரசு இணையதளத்தில் வண்டி எண்ணை மட்டும் போட்டால் இலவசமாக வரும். விற்பவரிடம் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

கார் மூன்று வயதைத் தொட்டதிலிருந்து ஆண்டுக்கு ஒரு சோதனை. ஒவ்வொன்றிலும் அன்று ஓடியிருந்த மைல், தேறியதா தோற்றதா, 'இப்போதைக்குப் பரவாயில்லை, கவனிக்கவும்' என்கிற அட்வைசரி குறிப்புகள் எல்லாம் இருக்கும். கீழிருந்து மேலே, பழைய ஆண்டிலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் மைல். சீராக ஏற வேண்டும். ஒரு ஆண்டில் 72,000, அடுத்த ஆண்டில் 58,000 என்றால் மீட்டரைத் திருப்பியிருக்கலாம், அல்லது சோதித்தவர் தவறாகப் பதிந்திருக்கலாம். அதற்கு அடுத்த ஆண்டின் எண் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். 2020-இல் இடைவெளி இருந்தால் பதற வேண்டாம். கோவிட் காலத்தில் அந்த மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை முடிவதாக இருந்த எம்ஓடிகளுக்கு அரசே ஆறு மாதம் நீட்டிப்புக் கொடுத்தது.

அடுத்து அட்வைசரி. பன்னிரண்டு வயதுக் காரில் ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. அதே குறிப்பு மூன்று ஆண்டாகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி. 'பின் பிரேக் பைப்பில் துரு' என்று மூன்று முறை எழுதியும் மாற்றவில்லை என்றால், அந்த ஓனர் ஆயிலையும் காலத்தில் மாற்றியிருக்க மாட்டார். டயர் முழுக்கத் தேய்ந்தும், நம்பர் பிளேட் விளக்கு எரியாமலும் ஆண்டுதோறும் முதல் முறை தோற்கும் கார்கள் உண்டு. அது காரைப் பற்றிச் சொல்வதைவிட ஓட்டினவரைப் பற்றி அதிகம் சொல்லும். துரு என்ற சொல் அடிச்சட்டம், சஸ்பென்ஷன் பக்கம் வரத் தொடங்கியிருந்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு செய்யும் வேலை அது, ஆரம்பித்தால் நிற்காது.

கடைசியாக, போன ஆண்டு ஆறு அட்வைசரி, நேற்று எடுத்த புது எம்ஓடியில் ஒன்றுகூட இல்லை என்றால் 'அந்த ஆறையும் சரி செய்த ரசீதைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் உடனே காட்டுவார்.

4. தாள்கள்

எம்ஓடி வரலாறு சொல்லாதவை மூன்று: காரின் மேல் கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் கழித்துக்கட்டப்பட்ட வண்டியா என்பது. இதற்குப் பொதுவாக எச்பிஐ செக் என்பார்கள்; சில பவுண்டிலிருந்து இருபது பவுண்ட் வரை ஆகும். வாங்க முடிவு செய்த ஒரு காருக்கு மட்டும் போடுங்கள். அதில் 'கேட் எஸ்' என்ற சேத வகை வந்தால் காரின் சட்டகமே அடிபட்டுச் சரிசெய்யப்பட்டது. கேட் என் என்றால் சட்டகத்துக்குச் சேதமில்லை. முதல் முறை வாங்குகிறவர் இரண்டையும் விட்டுவிடுவது நல்லது.

வி5சி என்கிற லாக் புக்கை, அதாவது வண்டியின் பதிவுத் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் வீடும் ஒன்றாக இருக்க வேண்டும். விண்ட்ஸ்கிரீன் கீழே தெரியும் சேசிஸ் எண்ணும் அதில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். லாக் புக் தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்றால் அது வந்தபின் பேசிக்கொள்ளலாம். இன்னொன்று: அதில் பெயர் இருப்பது வண்டியை வைத்திருப்பவர் என்பதற்குத்தான், உரிமையாளர் என்பதற்கு அல்ல என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கும். கடன் சோதனை தேவைப்படுவது இதனால்தான்.

5. நேரில் பார்ப்பது

பகலில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். ஈரம் கீறலையும் பெயின்ட் வித்தியாசத்தையும் மறைத்துவிடும். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினின் குறை குளிர்ந்த நிலையில்தான் காதில் விழும்: டைமிங் செயின் தளர்ந்தால் முதல் சில வினாடி கடகட சத்தம், ஆயில் எரிந்தால் நீலப் புகை. ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் போல் கெட்டியாகப் படிந்திருந்தால் குறுகிய ஓட்டமோ, எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டின் பழுதோ காரணம். எது என்று தெரியாவிட்டால் மெக்கானிக் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு உங்கள் இன்ஷூரன்ஸ் இடம் கொடுக்கிறதா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பல ஆண்டு டீசல் ஓட்டியவருக்கு எந்தப் பெட்ரோல் காரும் முதலில் சோம்பேறியாகத் தெரியும். கீழ் கியரில் கொஞ்சம் அதிகம் சுழலவிட வேண்டும், அது குறை அல்ல. ஏசி, எல்லா ஜன்னல், எல்லா பெல்ட், மூன்றாம் வரிசை மடங்குகிறதா, பிள்ளை சீட்டை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி, இரண்டாவது சாவி, வீல் நட்டின் பூட்டுச் சாவி. கடைசி இரண்டும் இல்லையென்றால் அங்கேயே விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

6. யாரிடம் வாங்குவது, எப்படிப் பணம் கொடுப்பது

டீலரிடம் விலை கூட. ஆனால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். குறையுள்ள காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். சரிசெய்ய டீலருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். 'பார்த்தபடி விற்றது' என்று ரசீதில் டீலர் எழுதினாலும் இந்த உரிமை போகாது. முன்பணத்தில் ஒரு சிறு தொகையையாவது கிரெடிட் கார்டில் கட்டிவிடுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரையிலான காருக்கு அந்தக் கார்டு நிறுவனமும் பொறுப்பாகிவிடும்.

தனியாரிடம் விலை குறையும், பாதுகாப்பும் குறையும். சொன்னது பொய் என்றால்தான் கேட்க முடியும். தனி நபர் வேடத்தில் வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். போனில் 'கார் விஷயமாகக் கூப்பிட்டேன்' என்று மட்டும் சொல்லுங்கள். 'எந்தக் கார்?' என்று பதில் வந்தால் விளங்கிவிடும். பார்க்காத காருக்கு முன்பணம் அனுப்பவே கூடாது. எல்லாம் சரி என்றால் அவர் வீட்டு வாசலிலேயே நின்று வங்கி வழியாக அனுப்பி, அவர் கணக்கில் விழுந்ததும் சாவியை வாங்குங்கள்.

7. கார் கைக்கு வந்த அன்று

பழைய ஓனரின் ரோடு டாக்ஸ் உங்களுக்கு வராது. கார் கைமாறியதை, வண்டிப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு அவர் ஆன்லைனில் தெரிவிப்பதை உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். லாக் புக்கிலிருந்து கிழித்துத் தரும் பச்சைச் சீட்டின் எண்ணை வைத்து அங்கேயே வரி கட்டலாம். இன்ஷூரன்ஸும் அந்த நிமிடத்திலிருந்து ஓட வேண்டும். புது லாக் புக் உங்கள் பெயரில் தபாலில் வரும்.

2011-க்குப் பிந்தைய கார் என்றால் பங்கில் கிடைக்கும் சாதாரண இ10 (10% வரை எத்தனால் கலந்த) பெட்ரோலைக் கவலையில்லாமல் போடலாம். அதற்கு முந்தையது என்றால் அரசு தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள். பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். பழக்கத்தில் கை கறுப்புக்குப் போனாலும் டீசல் குழாயின் முனை அகலம் என்பதால் பெட்ரோல் வாயில் பெரும்பாலும் நுழையாது.

8. பழைய டீசலை என்ன செய்வது?

பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தவர்களுக்கு லண்டன் மேயர் தந்த ஸ்கிராப்பேஜ் உதவித்தொகை 2024 செப்டம்பரில் மூடிவிட்டது. இன்னும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவரை நம்ப வேண்டாம். ஓடும் நிலையில் இருந்தால் மாசுக் கட்டணம் இல்லாத ஊர்க்காரர்களுக்கு விற்பதே நல்ல விலை தரும். பர்மிங்காம், பிரிஸ்டல் நடுப்பகுதிகளிலும் கட்டணம் உண்டு என்பதால் அந்தப் பக்கத்துக்காரர்களும் அடித்துப் பேசுவார்கள்.

ஓடாத வண்டி என்றால் அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்துக்கே கொடுங்கள். இங்கிலாந்தில் பழைய இரும்புக்கு ரொக்கம் கொடுப்பது சட்டப்படி குற்றம். நோட்டை எண்ணி நீட்டுகிறவரிடம் வண்டியை விட்டால், அவர் அதை உங்கள் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருக்கக்கூடும். விற்கும் வரை தெருவில் நிற்கிறது என்றால் வரியும் இன்ஷூரன்ஸும் தொடர வேண்டும். வீட்டு வாசல் இடத்தில் ஏற்றி நிறுத்திவிட்டால் வண்டி சாலையில் ஓடவில்லை என்கிற சோர்ன் அறிவிப்புக் கொடுத்து இரண்டையும் நிறுத்திக்கொள்ளலாம். கைமாறியதும் டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்தால் மீதமுள்ள முழு மாதங்களின் வரி தானாகத் திரும்பி வரும். யூலெஸ் கட்டணத்தைத் தானாகக் கட்டும் ஆட்டோ பே கணக்கில் அந்த வண்டி எண் இருந்தால் அதை நீக்குவது மட்டும் உங்கள் வேலை.