முட்டைக்கு ஒரு தண்ணீர்ச் சோதனை

கோடையில் கடை முட்டையில் ஒன்றிரண்டு கெட்டிருப்பது எங்கள் வீட்டில் வாடிக்கை. இப்போது சமைக்கும் முன் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன். அடியில் படுத்தால் புதிது, ஆம்லெட்டுக்கு. கூர்முனை கீழாக நிமிர்ந்து நின்றால் பழையது. அதை வேகவைப்பேன், ஓடும் சுலபமாக உரியும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேற, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகிறது. முட்டையைத் தூக்குவது அதுதான். மிதப்பதைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்கிறேன். அழுகல் என்றால் அந்த நாற்றமே சொல்லிவிடும்.

நனைத்ததைத் திரும்ப எடுத்துவைப்பதில்லை. கிருமியைத் தடுக்கும் மேற்பூச்சு போய்விடும். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும்போதெல்லாம் வெப்பம் மாறுவதால், முட்டை இப்போது உள்தட்டில், கூர்முனை கீழாக. கதவிலுள்ள முட்டைக்குழிகளில் எலுமிச்சம்பழம் குடியேறிவிட்டது.