சிறு விடுதிகளில் கைபேசி வழி முன்பதிவைப் பயணிகள் ஏற்கச் செய்வது எப்படி?

கொடைக்கானலில் நான்கைந்து அறைகளோடு விடுதி நடத்துபவர், கைபேசி வழி முன்பதிவைத் தொடங்கும்முன் பயணி எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பயன் உண்டு, கையாள்வது எளிது என்ற இரண்டு எண்ணங்களே புதிய தொழில்நுட்பத்தை ஏற்க வைக்கின்றன என்று 1989இல் தகவல் தொழில்நுட்ப ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் விளக்கினார். ஆனால் கண்ணால் பார்க்காத அறைக்கு முன்பணம் கேட்கும் சுற்றுலாத் தொழிலில், இவ்விரண்டுக்கும் முன்னால் நம்பிக்கையே நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே பணம் பெறும் வழியை முதலில் சீர்செய்யுங்கள். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். பலகையில் விடுதியின் பெயரும் திரையில் முன்பின் அறியாத ஒருவரின் பெயரும் இருந்தால், ரகசிய எண்ணை அழுத்தப்போன விரல் அப்படியே நின்றுவிடும். விடுதியின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி, அந்தப் பெயரே திரையில் தெரியும்படி வங்கியிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, முன்பதிவை ரத்து செய்தால் எவ்வளவு தொகை எத்தனை நாளில் திரும்பும் என்பதைப் பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலேயே தெளிவான தமிழில் எழுதுங்கள். பணத்தைத் திரும்பப் பெற ரகசிய எண் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; பணம் திரும்பத் தருவதாகச் சொல்லி அந்த எண்ணைக் கேட்பதுதான் மோசடிக்காரர்கள் நுழையும் வழி.

மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். எனவே தனிச் செயலியைப் பதிவிறக்கச் சொல்லாமல், பெயர், தேதி, கைபேசி எண் ஆகியவற்றை மட்டும் கேட்கும் எளிய பக்கம் வைத்து, படங்களின் அளவைக் குறைத்து, உறுதிச் செய்தியை வாட்ஸ்அப்போடு எஸ்எம்எஸ் வழியாகவும் அனுப்புங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்ததால், அதற்கான இணைப்பையும் அச்செய்தியிலேயே கொடுத்தால் பயணிக்கு ஓர் அலைச்சல் மிச்சமாகும்.

பணம் பிடிக்கப்பட்டும் உங்களுக்கு வரவில்லை என்று பயணி அழைத்தால், உடனே மறுபடி செலுத்தச் சொல்லாதீர்கள். பரிவர்த்தனை எண்ணை வாங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். வணிகருக்குச் செலுத்திய யுபிஐ தொகை உறுதியாகாவிட்டால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்றும் 2019ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை கூறுகிறது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, அதுவரை அறையை அவருக்காக நிறுத்தி வையுங்கள்.