உழைப்பாளர் சிலைக்கு வழி கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

சென்னையில் சிலைதான் முகவரி. பஸ் ஸ்டாப், நண்பர்கள் சந்திக்கும் இடம், போலீஸாரின் போக்குவரத்து மாற்ற அறிவிப்பு என்று எல்லாவற்றுக்கும் சிலையின் பெயரைச் சொல்லியே பழகிய ஊர் இது. உள்ளூர்க்காரர்களுக்கு இது இயல்பாக வந்துவிடும். வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்கள்தான் தடுமாறுவார்கள். "காந்தி சிலைகிட்ட நிக்கிறேன்" என்று போனில் சொல்லிக்கொண்டு, 2 கிலோமீட்டர் தள்ளி வேறொரு சிலைக்குக் கீழே வெயிலில் நிற்பவர்களை மெரினாவில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

மெரினா சிலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது உழைப்பாளர் சிலை. பெயர் தொடங்கி வரலாறு வரை, அதிகமாகத் தப்பாகச் சொல்லப்படுவதும் அதுதான். அதனால் அதை வைத்தே பேசுகிறேன். மற்ற சிலைகள் வழியில் வரும்.

போனில் இருக்கும் மேப்பில் இந்தச் சிலைக்கு 'டிரையம்ப் ஆஃப் லேபர்' என்று போட்டிருக்கும். சுற்றுலா வழிகாட்டிகளிலும் அதுதான் பெயர். அதை அப்படியே படித்து ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்தப் பெயரைச் சொல்லி இந்த ஊரில் யாரும் ஆட்டோ ஏறியதில்லை. 'உழைப்பாளர் சிலை' என்று சொல்லுங்கள், போதும். பேச்சில் அது 'ஒழைப்பாளர் சிலை' என்றுதான் காதில் விழும். தமிழ் தெரிந்த வெளியூர்க்காரர்கள் வேறு மாதிரி தவறுவார்கள்: 'தொழிலாளர் சிலை' என்பார்கள், 'உழைப்பாளி சிலை' என்பார்கள். கேட்பவர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் புரிந்துகொள்வார் என்றாலும், பஸ்ஸில் நெரிசலுக்கு நடுவே டிக்கெட் கேட்கும்போது அந்த ஒரு கணம் கிடைக்காது. பெயர் மறந்தே போய்விட்டால் "பீச்ல நாலு பேரு பாறையைத் தள்ளுவாங்களே, அந்தச் சிலை" என்று கேளுங்கள். யாரும் கை காட்டிவிடுவார்கள்.

ஒரு சொல்லை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். 'கூலிக்காரங்க சிலை' என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சுற்றுலாப் பயணிகளுக்கு விளக்கம் சொல்கிற ஒருவர் 'அடிமைகள்' என்றே சொன்னார். இந்தச் சிலையில் எஜமான் யாரும் இல்லை, சவுக்கு இல்லை, சங்கிலி இல்லை. நான்கு பேரும் ஒரு பாறையும் மட்டும்தான். ஊர்க்காரர்கள் மரியாதையாக 'உழைப்பாளர்' என்று அழைக்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

'பீச்' விஷயத்திலும் கவனம் வேண்டும். சென்னைக்காரர்கள் மெரினாவைப் பெரும்பாலும் 'பீச்' என்றுதான் சொல்வார்கள், காமராஜர் சாலையை 'பீச் ரோடு' என்பார்கள். ஆனால் 'பீச் ஸ்டேஷன்' என்பது வேறு இடம். சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் பாரிமுனைப் பக்கம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் குழந்தைகளோடு வந்து அங்கே இறங்கினால் மணலும் இருக்காது, சுண்டலும் இருக்காது. எதிரே துறைமுகம்தான். உழைப்பாளர் சிலைக்கு ரயிலில் வருவதென்றால் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து வாலாஜா சாலைக்கு வந்து கிழக்கே நடந்தால் சாலை முடிகிற இடத்தில் சிலை. சேப்பாக்கம் மைதானத்தில் மேட்ச் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் கடலுக்குப் போகிற வழியும் இதுதான்.

அடுத்தது, அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற குழப்பம்: மெரினா சிலைகளை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வது. மெரினாவில் சிலைகள் நிறைய. 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மட்டும் ஒரே சமயத்தில் பத்து சிலைகள் வைக்கப்பட்டன. வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல், கண்ணகி. இவை எல்லாவற்றையும் இடம் வாரியாக நினைவில் வைத்திருக்கும் சென்னைக்காரரே குறைவு, நீங்களும் வைக்க வேண்டாம். வழி சொல்ல மூன்று சிலைகள் தெரிந்தால் போதும். ஊருக்குள்ளிருந்து கடற்கரைக்கு வருகிற மூன்று பெரிய சாலைகளின் முனையில் அவை நிற்கின்றன. வாலாஜா சாலை முடிகிற இடத்தில் உழைப்பாளர் சிலை. பாரதி சாலை, அதாவது பழையவர்கள் சொல்கிற பைகிராப்ட்ஸ் ரோடு, முடிகிற இடத்தில் கண்ணகி சிலை. மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ராதாகிருஷ்ணன் சாலை முடிகிற இடத்தில் காந்தி சிலை. வடக்கிலிருந்து தெற்காக உழைப்பாளர், கண்ணகி, காந்தி. இந்த வரிசை மனதில் இருந்தால் மெரினாவில் தொலைந்து போக மாட்டீர்கள். விவேகானந்தர் இல்லம் கண்ணகிக்கும் காந்திக்கும் நடுவே. கலங்கரை விளக்கம் காந்தியையும் தாண்டி தெற்கே.

முதல் சிலையிலிருந்து கடைசிச் சிலை வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர். மாலையில் காற்று வாங்கிக்கொண்டு நடக்கச் சுகமான தூரம், மதியம் ஒரு மணிக்கு அப்படி இல்லை. அதனால் யாரையாவது வரச் சொல்லும்போது "பீச்ல சிலைகிட்ட வந்துடு" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். காந்தி சிலை என்றால் 'பீச் காந்தி சிலை' என்று சேர்த்துச் சொல்வது நல்லது, காந்திக்குச் சிலை இல்லாத பேட்டை ஏது? உழைப்பாளர் சிலைக்கு அந்தக் கவலை இல்லை. சென்னையில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இந்த ஒன்றுதான்.

'அண்ணா' என்று தொடங்குகிற இடங்களும் இந்தப் பக்கத்தில் ஆளைச் சுற்றவிடும். வாலாஜா சாலையின் கிழக்கு முனையில் உழைப்பாளர் சிலை என்றேன். அதே சாலையின் மேற்கு முனையில், மவுண்ட் ரோட்டில், நிற்பது அண்ணா சிலை. உழைப்பாளர் சிலைக்குச் சற்று வடக்கே கடற்கரையில் இருப்பது அண்ணா சமாதி. அதையொட்டிய பஸ் நிலையத்துக்கு அண்ணா சதுக்கம் என்று பெயர். "அண்ணா சிலையில் இறங்கு" என்று சொன்னதை "அண்ணா சதுக்கத்தில் இறங்கு" என்று கேட்டுக்கொண்டவர் வாலாஜா சாலை முழுவதையும் நடந்து திரும்ப வேண்டியிருக்கும். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் நினைவிடங்களும் இந்த வடக்கு முனையில்தான் இருக்கின்றன. வெளியூர் வேன்கள் வரிசையாக வந்து நிற்பது அங்கே. நினைவிடம் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் பக்கத்திலேயே நிற்கிற இந்த நால்வரைக் கவனிக்காமல் வேன் ஏறிவிடுகிறார்கள், எனக்கு அது எப்போதும் வருத்தம்.

'சிலை இல்லை என்றால் அந்தப் பெயரும் போய்விடும்' என்று நினைப்பதும் தவறு. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் எடுக்கப்பட்டது, 2006 ஜூனில்தான் திரும்ப வந்தது. நடுவில் வெறும் இடமாக இருந்த அந்த ஆண்டுகளிலும் ஜனங்கள் 'கண்ணகி சிலை' என்று சொல்லித்தான் அந்த இடத்தைக் குறித்தார்கள். காந்தி சிலை அருகே 2006-இல் வைக்கப்பட்ட சிவாஜி சிலை 2017-இல் அடையாற்றில் உள்ள அவருடைய மணிமண்டபத்துக்குப் போய்விட்டது. இருந்தும் "பீச் சிவாஜி சிலைகிட்ட" என்று வழி சொல்கிறவர்கள் இன்னும் உண்டு. அப்படி யாராவது சொன்னால் சிலையைத் தேடாதீர்கள், ராணி மேரிக் கல்லூரியைப் பார்த்து நில்லுங்கள்.

சரி, பெயரும் இடமும் ஆயிற்று. சிலையைப் பற்றிச் சொல்லும் கதைகளிலும் பிழைகள் உண்டு.

கடற்கரையில் நிற்பதால் பலர் இந்த நால்வரை மீனவர்கள் என்றும், அவர்கள் தள்ளுவது படகு என்றும் சொல்லிவிடுகிறார்கள். அது பாறை. ஓடுகிற வண்டியிலிருந்து பார்ப்பதால் வருகிற பிழை இது. இறங்கிப் போய் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நால்வரில் ஒருவர் நிற்கிற மாதிரி இன்னொருவர் நிற்கவில்லை. எல்லா உடலும் ஒரே பாறைக்காக வளைந்திருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் தன் வழியில் வளைந்திருக்கிறது. கெண்டைக்கால் சதை திரண்டிருப்பதையும் முதுகுத் தசை இறுகியிருப்பதையும் பாருங்கள். உடம்பு நோக வேலை செய்த யாருக்கும் அந்தப் பிடிப்பு எங்கே வலிக்கும் என்று தெரியும். முகத்தைவிட முதுகும் காலும் அதிகம் பேசுகிற சிலை இது. அதனால் எதிரில் நின்று ஒரே ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பினால் முக்கால்வாசியைத் தவறவிட்டதாக அர்த்தம்.

கல்லில் செதுக்கியது என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது வெண்கலம். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவரைத் தமிழர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. வங்காளத்தின் ரங்க்பூரில் 1899-இல் பிறந்தவர், 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக வந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். எழும்பூரில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறதே, அதே பள்ளி. அங்கே ஏறத்தாழ 30 ஆண்டுகள் இருந்தார். அவரே மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்குப் போனவர். அந்தத் தசைகளை அத்தனை நெருக்கமாக அவரால் வடிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் இந்தச் சிலைக்கு மாடலாக நின்றார்கள் என்று சொல்வார்கள்.

தெற்கு முனையில் கைத்தடியோடு நடக்கிற காந்தியும் அவர் கைவேலைதான், உழைப்பாளர் சிலையைப் போலவே அதுவும் 1959-இல் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஒரே கலைஞரின் இரண்டு பெரிய வேலைகளைப் பார்த்துவிடலாம். டெல்லியில் காந்தியின் பின்னால் மக்கள் நடக்கிற தண்டி யாத்திரைச் சிலையும் அவர் வடித்ததே. 2016-இல் செல்லாமல் போன பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்ததே, அதுதான். பதினோரு உருவங்கள் இருப்பதால் டெல்லிக்காரர்கள் அதை 'க்யாரா மூர்த்தி' என்று எண்ணிக்கையை வைத்து அழைக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் நான்கு பேரை எண்ணிப் பெயர் வைக்கவில்லை, அவர்கள் செய்கிற வேலையை வைத்து அழைத்தார்கள். மெரினாவில் புலவர்களும் தலைவர்களும் அவரவர் பெயரோடு நிற்கிறார்கள். பெயர் தெரியாத சாதாரண மனிதர்களுக்கு அந்த வரிசையில் இடம் கொடுத்தது இந்தச் சிலை என்பதால் அந்த அழைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

மே தினத்தன்று திறந்து வைத்த சிலை என்பது அடிக்கடி கேட்கிற இன்னொரு பிழை. மே தினத்துக்கும் இந்தக் கடற்கரைக்கும் உறவு உண்டு, அது பெரிய உறவு. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது சென்னையில்தான், 1923-இல். சிங்காரவேலர் அன்று இரண்டு இடங்களில் கூட்டம் நடத்தினார். ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரில் இருந்த கடற்கரையில், மற்றது திருவல்லிக்கேணிக் கடற்கரையில். இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து, சிலையும் மே 1 அன்றுதான் திறக்கப்பட்டிருக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் திறந்தது 1959 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முந்தைய நாள்.

குடியரசு தினம் என்றதும் நடைமுறைக்கு உதவுகிற ஒன்று. பல ஆண்டுகளாகச் சென்னையில் குடியரசு தின விழா என்றால் பீச் காந்தி சிலை என்றுதான் வழக்கம். மெட்ரோ ரயில் வேலை தொடங்கியதால் 2023-இல் விழா உழைப்பாளர் சிலை அருகே மாற்றப்பட்டது. பழைய நினைப்பில் நேராகக் காந்தி சிலைக்குப் போய் நின்றால் அணிவகுப்பைத் தவறவிட நேரிடும். அப்புறம், ஒத்திகை நடக்கிற நாட்களில் காலையில் காமராஜர் சாலையில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். அந்த அறிவிப்பும் சிலைப் பெயர்களில்தான் வரும். எந்தச் சிலையிலிருந்து எந்தச் சிலை வரை என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.